மாடிகள் உயர்கின்றன, திறப்பு யார் கையில்?



வெளிநாட்டுக்குப் போவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் போன தூரமெல்லாம் இடம்பெயர்ந்து போன தூரந்தான். அப்படிப்பட்ட நான் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் சீனாவில் மூன்று கிழமைகள் தங்கி வந்தேன். என் தங்கையின் மகள் அங்கே சொங்சிங் என்னும் நகரில் மருத்துவம் படித்தாள். பட்டமளிப்புக்குத் தாய் போக வேண்டும். தங்கைக்கோ முழங்கால் வருத்தம், பத்துப் படி ஏறமாட்டாள். தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. "பெரியம்மா, நீங்களாவது வாங்கோ. ஒருத்தரும் இல்லாமல் நான் எப்பிடி மேடையில ஏறுறது?" என்று பிள்ளை தொலைபேசியில் அழுதாள். போனேன்.

திரும்பி வந்தபின் மாதர் சங்கத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, "அங்கை பாம்பு தின்னுகினமாமே, உண்மையோ?" என்பதுதான். நான் பாம்பைக் காணவில்லை. நான் பார்த்ததெல்லாம் வீடு. ஒருமுறை வீட்டை இழந்தவளுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் வீட்டின் மேல்தான் போகும். ஆகவே, நான் கண்ட வீடுகளைப் பற்றியும் அவற்றினுள் இருந்த பெண்களைப் பற்றியும் உங்களுக்குச் சொல்கிறேன்.

மலைமேல் ஒரு நகரம்

கொழும்பிலிருந்து செங்டு என்ற நகருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினோம். ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரம். ஒன்றேகால் மணித்தியாலத்தில் சொங்சிங்கில் இறங்கிவிட்டோம். மேசையில் வைத்த தேநீர்க் கோப்பை அசையவில்லை. யாழ்தேவியில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன.

சொங்சிங் ஒரு மாநகரம் என்று பெயர். ஆனால் அதன் எல்லைக்குள் அடங்கும் நிலப்பரப்பு எங்கள் முழு இலங்கையையும் விடப் பெரியது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 3 கோடியே 20 இலட்சம் பேர் வசிக்கிறார்கள். யாங்சி, ஜியாலிங் என்னும் இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், மலைகளின் முதுகில் நகரத்தைக் கட்டியிருக்கிறார்கள். சமதரை என்பது மிகக் குறைவு. நீங்கள் ஒரு கட்டடத்தின் நில மாடியால் உள்ளே போய், லிப்டில் பத்துப் பதினொரு மாடி ஏறி, மற்றப் பக்கத்துக் கதவால் வெளியே வந்தால் அங்கேயும் ஒரு வீதி, அங்கேயும் பஸ் ஓடும்! முதல்நாள் எனக்குத் தலை சுற்றியது.

லிசிபா என்ற இடத்தில் ரயில் ஒன்று 19 மாடிக் குடியிருப்புக் கட்டடத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. கட்டடத்தின் 6ஆம் மாடியிலிருந்து 8ஆம் மாடி வரை ரயில் நிலையம். அதற்கு மேலே ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டு உறங்குகிறார்கள். கட்டடத்தையும் பாதையையும் ஒன்றாகத் திட்டமிட்டே கட்டினார்களாம். கீழே நின்று நூற்றுக்கணக்கானோர் படம் பிடிக்கிறார்கள். நானோ, மேலே ஒரு பல்கணியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் ரயிலையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அவளுக்கு அது வீடு. அவ்வளவுதான்.

பெறாமகள் தன் இரண்டு சிநேகிதிகளோடு 18ஆம் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். இப்படிப்பட்ட குடியிருப்பை அங்கே 'சியாவோசூ' என்பார்கள். சுற்றிவர மதில், வாசலில் காவலாளி, உள்ளே பத்துப் பன்னிரண்டு கோபுரங்கள், நடுவில் மரங்கள், பிள்ளைகள் விளையாட ஒரு முற்றம். எங்கள் ஊர்ச் சனம் முழுவதையும் ஒரு கோபுரத்துக்குள் அடுக்கிவிடலாம் போல இருந்தது. இரவில் யன்னலால் பார்த்தால் எதிர்க் கோபுரத்தில் நூறு குசினிகள். நூறு குசினியிலும் வெளிச்சம். அந்நிய நாடு என்ற பயம் எனக்கு அதைக் கண்டபின்தான் போயிற்று.

பின்னேரம் ஏழு மணியானால் முற்றத்தில் பாட்டுப் போடுவார்கள். ஐம்பது அறுபது வயதுப் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். சீனா முழுவதும் நகரச் சதுக்கங்களில் இந்த ஆட்டம் நடக்கிறதாம். யாரும் சிரிக்கவில்லை, யாரும் விலக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நானும் கடைசி வரிசையில் நின்று கையை ஆட்டினேன். கணவர் இறந்தபின் பொது இடத்தில் நான் அப்படி நின்றது அதுவே முதல் தடவை.

அரிசி வாளிக்குள் சிவப்புப் புத்தகம்

பெறாமகளின் சிநேகிதி ஒருத்தி சீனப் பிள்ளை. அவளுடைய அப்பம்மாவைப் பார்க்க ஒருநாள் போனோம். அங்கே அப்பம்மாவை 'நைநை' என்று அழைக்கிறார்கள். வயது 79. புதிய கோபுரங்களுக்குப் பின்னால் இருந்த பழைய தொடர்மாடியில், ஏழாம் மாடியில், தனியே இருக்கிறார். லிப்ட் இல்லை. சொங்சிங்கில் இப்படி லிப்ட் இல்லாத பழைய கட்டடங்கள் நிறைய. பைசியாங்ஜு என்ற ஒரு குடியிருப்பு 24 மாடி. அதற்கும் லிப்ட் கிடையாது. மலைச்சரிவில் நிற்பதால் முதலாம் மாடியிலும், பத்தாம் மாடியிலும், பதினைந்தாம் மாடியிலும் வெவ்வேறு வீதிகளுக்கு வாசல் இருக்கிறது. நைநையின் கட்டடத்துக்கு அந்த வசதியும் இல்லை. மரக்கறிக் கூடையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கிறார்.

இப்போது பழைய கட்டடங்களுக்கு வெளிப்புறமாக லிப்ட் பொருத்த அரசு உதவுகிறது. ஆனால் பெரும்பாலான வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். கீழ் மாடிக்காரருக்கு லிப்ட் தேவையில்லை. வெளிச்சம் மறையும் என்று மறுக்கிறார்கள். மேல் மாடிக்காரர் கெஞ்சுகிறார்கள். "எங்கட கட்டடத்தில நாலு வருசமா இந்தப் பேச்சு நடக்குது" என்று நைநை சொல்லிச் சிரித்தார்.

அவர் ஒரு நெசவு ஆலையில் வேலை செய்தவர். அக்காலத்தில் சீன நகரங்களில் வீட்டை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வேலை செய்யும் நிறுவனமே வீடு கொடுக்கும். வாடகை மிகச் சொற்பம். இடமும் மிகச் சொற்பம். 1978ஆம் ஆண்டில் நகரவாசி ஒருவருக்குச் சராசரியாக 7 சதுர மீற்றருக்கும் குறைவான இடமே இருந்தது. எங்கள் கணக்கில் 75 சதுர அடி கூட வராது. நைநையும் கணவரும், மாமியும், இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில். சமையல் பொது நடையில். மலசலகூடம் முழு மாடிக்கும் ஒன்று. "இரவில மாமி இருமினால் ஐஞ்சு பேரும் எழும்புவம்" என்றார். முகாமில் ஒரு தறப்பாளுக்குள் மூன்று குடும்பம் இருந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1998ஆம் ஆண்டில் அரசு அந்த முறையை நிறுத்தியது. நிறுவனம் இனி வீடு கொடுக்காது, வேண்டியவர் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏற்கனவே இருந்தவர்களுக்கு அந்த வீடுகளைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். அதன்பிறகுதான் இந்தக் கோபுரங்கள் எழுந்தன. 2019ஆம் ஆண்டில் ஒருவருக்கான இடம் ஏறக்குறைய 40 சதுர மீற்றராகிவிட்டது. அதே ஆண்டில் சீன மத்திய வங்கி நடத்திய ஆய்வில், நகரக் குடும்பங்களில் 100க்கு 96 குடும்பங்களுக்குச் சொந்த வீடு இருப்பதாகத் தெரியவந்தது. இருபது வருடங்களில் இப்படி ஒரு மாற்றம் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தோன்றுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரத்து நிலம் அரசுடையது. வீடு வாங்குபவருக்கு அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை 70 வருடங்களுக்குக் கிடைக்கும். 2021இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டம், குடியிருப்பு நிலத்துக்கு அந்தத் தவணை தானாகவே புதுப்பிக்கப்படும் என்கிறது. அந்த உரிமைக்கு ஒரு சிவப்பு மட்டைப் புத்தகம் தருகிறார்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறதோ, வீடு அவருடையது.

நைநை எழுந்து போய் அரிசி வாளிக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து வந்தார். சிவப்புப் புத்தகம். கணவர் இறந்தபின் தன் பெயருக்கு மாற்றிய கதையைச் சொன்னார். மகன் வீட்டோடு வரச்சொல்லிக் கேட்கிறானாம். "போகமாட்டன். இஞ்சை நான் கதவைப் பூட்டினால் பூட்டினதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னட்டையும் இப்பிடி ஒரு புத்தகம் இருக்கோ?" என்று கேட்டார்.

பெறாமகள் அதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பதில் சொல்லவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

தண்ணீருக்கடியில் ஒரு ஊர்

வாசலுக்கு வெளியே தோடம்பழம் விற்கும் ஒரு பெண் இருந்தாள். தினமும் வாங்கிப் பழக்கம். ஒருநாள் மழைக்கு அவளுடைய குடையின் கீழ் ஒதுங்கி நின்றபோது எந்த ஊர் என்று கேட்டோம். அவள் ஆற்றின் பக்கம் கையைக் காட்டி, "கீழே" என்றாள். விளங்கவில்லை. திரும்பவும் "தண்ணிக்குக் கீழே" என்றாள்.

யாங்சி ஆற்றின் குறுக்கே கட்டிய மூன்று மலையிடுக்கு அணையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வேலை 1994இல் தொடங்கியது. 2003இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கி, 2010இல் 175 மீற்றர் மட்டத்துக்கு உயர்த்தினார்கள். வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் கட்டிய அணை அது. அதற்காக 13 இலட்சம் பேர் தங்கள் ஊர்களைவிட்டு எழும்பினார்கள். பழைய பட்டினங்கள், வயல்கள், தோடை மரங்கள், பாட்டன் பூட்டன் புதைகுழிகள் எல்லாம் நீரில் மூழ்கின. பலருக்கு மேட்டு நிலத்தில் புதிய பட்டினம் கட்டிக் கொடுத்தார்கள். சிலரை வெகுதூரம், ஷங்காய்க்குப் பக்கத்திலுள்ள சொங்மிங் தீவு வரைக்கும் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்.

அவளுக்குக் கிடைத்த வீடு பழைய வீட்டைவிட நல்லது. சீமெந்துத் தரை, குழாய்த் தண்ணீர், உள்ளேயே மலசலகூடம். அவள் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய ஊரில் கோழி வளர்த்தாள், தோட்டம் செய்தாள், காசு தேவைப்படவில்லை. புதிய வீட்டில் வெங்காயத்தாள் ஒரு பிடிக்கும் காசு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி இப்போது வேறு கோபுரத்தில் இருக்கிறாள். "வீடு தந்தவை. வாசல்ல இருந்து கதைக்க ஆள் தரேல்லை" என்றாள்.

மீள்குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டால் வீட்டின் எண்ணிக்கையை மட்டும் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கிணறு யாரோடு பங்கு, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வேலியால் குரல் கொடுப்பது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அது எங்களுக்கும் அந்தத் தோடம்பழக்காரிக்கும் தெரியும்.

ஆணி வீடு

யாங்ஜியாபிங் என்ற இடத்துக்கு ஒருநாள் சாமான் வாங்கப் போனோம். பெரிய பெரிய கடைகள். "பெரியம்மா, இந்தப் பக்கத்திலதான் அந்த வீடு இருந்தது" என்று பிள்ளை காட்டினாள். அந்தக் கதையைச் சீனாவில் தெரியாதவர்கள் குறைவு.

பழைய சீன நகரங்களை இடித்துப் புதிதாகக் கட்டிய காலத்தில், இடிக்கப்போகும் சுவரில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'ச்சாய்' என்று எழுதிவிடுவார்கள். இடி என்று பொருள். இங்கே 280 குடும்பங்கள் நட்டஈடு வாங்கிக்கொண்டு போய்விட்டன. ஒரு கணவனும் மனைவியும் மட்டும், தந்த தொகை நியாயமில்லை என்று அசையவில்லை. சுற்றிவர ஏறக்குறைய 10 மீற்றர் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டினார்கள். நடுவில் ஒரு மண்திட்டின்மேல் அந்த இரண்டு மாடி வீடு தனியே நின்றது. இப்படி நிற்கும் வீட்டை அடித்துப் பிடுங்க முடியாத ஆணிக்கு ஒப்பிட்டு 'ஆணி வீடு' என்று அழைத்தார்கள். கணவர் மேலே ஏறிக் கொடியைக் கட்டிக்கொண்டு இருந்தார். கீழே நின்று பத்திரிகைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சட்டத்தை எடுத்துச் சொன்னவர் மனைவிதான். 2007 மார்ச் மாதம் சீனப் பாராளுமன்றம் தனியார் சொத்துரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே நாட்களில் இது நடந்தது. ஏப்ரல் 2ஆம் திகதி இணக்கம் ஏற்பட்டு, அன்றிரவே வீட்டை இடித்தார்கள்.

வீடு நிலைக்கவில்லை. ஆனால் கையில் பத்திரம் இருந்தபடியால் அந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு வாய் இருந்தது. பத்திரம் இல்லாதவள் அந்த மண்திட்டில் எத்தனை நாள் நின்றிருப்பாள்?

'ஆயி' என்றொரு அழைப்பு

பக்கத்து வீட்டில் குழந்தையைப் பார்க்க ஒரு பெண் வருவாள். அவளை எல்லோரும் 'ஆயி' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆச்சிமார் காலத்துச் சொல் இங்கே எப்படி வந்தது? சீன மொழியில் 'ஆயி' என்றால் சின்னம்மா போன்ற உறவு. வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் அப்படியே மரியாதையாக அழைக்கிறார்கள்.

அந்த ஆயியின் சொந்த மகன் கிராமத்தில் அம்மம்மாவோடு இருந்தான். சீனாவில் 1958ஆம் ஆண்டு முதல் 'ஹுகோ' என்ற பதிவு முறை இருக்கிறது. கிராமத்தில் பதிந்தவர் நகரத்தில் வேலை செய்யலாம். ஆனால் பிள்ளையின் பாடசாலை, மருத்துவம், வீடு ஆகிய சலுகைகள் நகரப் பதிவு உள்ளவருக்கே முழுமையாகக் கிடைக்கும். இப்போது பல நகரங்களில் இது தளர்ந்து வருகிறது. இருந்தாலும் இந்தக் காரணத்தால் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த தாய்தகப்பன் ஏராளம். அப்படி ஊரில் விடப்பட்ட சிறுவர்கள் 6 கோடிக்கு மேல் என்று அனைத்துச் சீனப் பெண்கள் சம்மேளனம் 2013இல் கணக்குச் சொன்னது. மத்திய கிழக்குக்குப் போன எங்கள் சகோதரிகளின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொங்சிங் நகரம் 2010இல் பெரிய அளவில் அரச வாடகை வீடுகளைக் கட்டத் தொடங்கியது. நகரப் பதிவு இல்லாத தொழிலாளிகளும் விண்ணப்பிக்கலாம். சந்தையைவிட வாடகை குறைவு. குலுக்கல் முறையில் வீடு. ஆயிக்கும் ஒரு அறை வீடு விழுந்திருந்தது. அடுத்த வருடம் மகனைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னாள். சொல்லும்போதே குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அது மற்றவரின் குழந்தை.

ஷங்காயில் ஒரு குசினி

கடைசி ஐந்து நாட்கள் ஷங்காயில் நின்றோம். 632 மீற்றர் உயரமான கோபுரம் அங்கே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் உச்சி முகிலுக்குள். அதன் கண்ணாடியில் ஆற்றைக் கடந்து பழைய ஒழுங்கைகள் தெரிந்தன. அவற்றில் 'ஷிகுமென்' என்னும் கல்வாசல் வீடுகள். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் பிற்காலத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. பொதுக் குசினியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு மின்குமிழ். தன் குமிழைத் தானே போட்டுத் தானே அணைக்க வேண்டும். மலசலகூடம் இல்லாத வீடுகளில் மரவாளியைக் காலையில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவியது பெரும்பாலும் பெண்கள்தான். சில ஒழுங்கைகளை அழகுபடுத்தி இப்போது தேநீர்க்கடைகள் ஆக்கியிருக்கிறார்கள். பார்க்க வடிவு. ஆனால் அந்த வாளியைத் தூக்கியவளைக் கேட்டால் புதிய மாடிவீடே போதும் என்பாள்.

நாங்கள் தங்கிய வீடு பெறாமகளுக்குத் தெரிந்த ஒரு இளம் ஆசிரியையின் வீடு. கணவன், ஒரு மகள். அழகான குசினி. சுவர் ஓடு, அலுமாரி எல்லாம் தன் சம்பளத்தில் செய்ததாகச் சொன்னாள். அங்கே பல வீடுகளை வெறும் சீமெந்துச் சுவரோடுதான் விற்பார்கள். பூச்சு, ஓடு, குழாய் எல்லாம் வாங்குபவர் போட வேண்டும். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகள் போலத்தான்.

எங்கள் யாழ்ப்பாண முறையில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். சீனாவில் மறுவளம், மாப்பிள்ளை வீட்டார் வீடு வைத்திருக்க வேண்டும். வீடில்லாத இளைஞனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆசிரியை, "வீடு அவருடைய பெயரில், என் பெயர் இல்லை" என்றாள். முற்பணம் மாமன் மாமி கொடுத்தது. மாதக் கடனைக் கட்டியது கணவனின் சம்பளம். வீட்டுச் செலவு, பிள்ளைச் செலவு, இந்த ஓடு எல்லாம் அவளுடைய சம்பளம். கடனுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. மரக்கறிக்கும் பால்மாவுக்கும் பற்றுச்சீட்டை யார் வைத்திருப்பார்?

2011ஆம் ஆண்டில் சீன உச்ச நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. மகன் பெயரில் பெற்றோர் வாங்கிப் பதிந்த வீடு, விவாகரத்தில் மகனுக்கே என்றது அந்த விளக்கம். அதைக் கேட்டுப் பல மனைவிமார் பத்திரத்தில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். பெயர் சேர்ப்பதற்கு வரி அறவிடக்கூடாது என்று அரசே அறிவிக்க வேண்டி வந்தது. அதன்பிறகு சட்டங்கள் சில மாறியுள்ளன. எனினும் பத்திரத்தில் பெயர் என்பது அங்கே இன்றும் கலியாண வீட்டுப் பேச்சு.

2021ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தில் 'வசிக்கும் உரிமை' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். வீடு மற்றவர் பெயரில் இருந்தாலும், இன்னார் இதில் வசிக்கலாம் என்று எழுதிப் பதிவு செய்யலாம். முதியவர்களுக்கும் விவாகரத்தான பெண்களுக்கும் இது பாதுகாப்பு. பெறாமகள் இதை விளக்கியபோது நான் சொன்னேன்: "பிள்ளை, இதைத்தான் எங்கட உறுதியில சீவிய உருத்து எண்டு எழுதுறது." எங்கள் ஆச்சிமார் காலத்திலிருந்தே அது எங்களிடம் உண்டு. நாங்கள்தான் பயன்படுத்த மறந்துவிட்டோம்.

இருண்ட கோபுரங்கள்

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு காட்சி. முப்பது மாடி உயரத்தில் ஆறு கோபுரங்கள். யன்னல் இல்லை, வெளிச்சம் இல்லை, பாரந்தூக்கி அசையாமல் நின்றது. சீனாவில் பெரும்பாலான மாடிவீடுகளைக் கட்டி முடிக்கும் முன்பே விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் அன்றிலிருந்தே வங்கிக் கடன் கட்டத் தொடங்க வேண்டும். 2021இல் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டட நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் வீழ்ந்தது. இன்னும் பல நிறுவனங்களும் தடுமாறின. வேலைகள் நின்றன. 2022இல் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளில் வீடு வாங்கியோர், வீட்டை முடித்துத் தராவிட்டால் கடன் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். வாடகையும் கடனும் சேர்த்துக் கட்ட முடியாத சிலர், தண்ணீரும் மின்சாரமும் இல்லாத அந்தக் கட்டடங்களுக்குள்ளேயே போய்க் குடியிருந்தார்கள்.

கூரை போடாத வீட்டுக்குள் நாங்களும் குடியிருந்தோம், யுத்தத்தால். அவர்கள் யுத்தமில்லாமலே அந்த நிலைக்கு வந்தார்கள்.

மாமியும் நானும்

நைநை கேட்ட கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறேன்.

என்னுடையது யுத்த காலத்துக் கலியாணம். சீதன வீடு கிடையாது. கணவரின் காணியில்தான் இருந்தோம். 2000ஆம் ஆண்டுத் தென்மராட்சிச் சண்டையில் செல் விழுந்து அவரும் போனார், வீடும் போயிற்று. பிறகு வீட்டுத்திட்டத்தில் அதே காணியில் எனக்கு வீடு கிடைத்தது. காணி மாமியின் பெயரில் இருக்கிறது. கட்டுவதற்கு ஆட்சேபனையில்லை என்று மாமி ஒரு கடிதம் கொடுத்தார், அவ்வளவுதான். மாமிக்கு 83 வயது. அவருடைய மற்றப் பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில். மாமி என்னை ஒருநாளும் வேறாக நினைத்ததில்லை. "நான் இருக்கும்வரை உன்னை ஆர் எழுப்பிறது?" என்பார். அவர் இல்லாத காலத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. மாதர் சங்கத்தில் மற்றவர்களுக்கு உறுதி எழுதச் சொல்லித் திரிந்தவள் நான். என் காரியத்தை வாய்விட்டுக் கேட்க எனக்கு வெட்கம். காணிக்கு ஆசைப்படுகிறாள் என்று மாமி நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் இரவு, நைநையின் கதையை மாமிக்குச் சொன்னேன். ஏழாம் மாடி, கயிற்றுக் கூடை, அரிசி வாளிக்குள் சிவப்புப் புத்தகம். மாமி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அந்த மனிசி உன்னை என்ன கேட்டது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருசம் ஏன் பிள்ளை என்னட்டைக் கேக்கேல்லை?" என்றார். இருவரும் அழுதோம்.

அடுத்த கிழமை நொத்தாரிசிடம் போனோம். வெளிநாட்டுப் பிள்ளைகளோடும் மாமியே தொலைபேசியில் பேசினார். ஒருவர் உடனே சரி என்றார். மற்றவர் கோபித்து, ஒரு மாதம் கழித்துச் சம்மதித்தார். நான் இருக்கும் ஒரு பரப்பை மாமி எனக்கு நன்கொடை உறுதியாக எழுதினார். அதில் தனக்குச் சீவிய உருத்து வைத்திருக்கிறார். அவர் சீவிக்கும்வரை அந்த மண்ணில் அவரை எழுப்ப யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. காணிப் பதிவகத்தில் பதிந்த பிரதி ஒன்று வீட்டில், ஒன்று தங்கை வீட்டில். அரிசி வாளிக்குள் வைக்கவில்லை. எங்கள் ஊரில் கறையான் கூட.

சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு இல்லாமல் இருக்கலாம், மழைக்கு ஒழுகலாம். அவற்றைப் பிறகு பார்க்கலாம். இன்று ஒன்றை மட்டும் பாருங்கள்: நீங்கள் இருக்கும் காணி யாருடைய பெயரில்? உறுதியா, அனுமதிப்பத்திரமா, வெறும் கடிதமா? உறுதி என்றால் பதிந்திருக்கிறதா? பிரதி வேறொரு இடத்தில் இருக்கிறதா? தாய் அல்லது மாமி எழுதித் தருவதானால் அவருக்குச் சீவிய உருத்து வைக்கச் சொன்னீர்களா? சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். வசதியற்றவர்களுக்கு உதவுவதற்கென்றே அது இருக்கிறது. தனியே போகத் தயக்கமென்றால் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

பெறாமகள் இப்போது இங்கே வந்து வைத்தியப் பதிவுக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன கிழமை நைநையின் பேத்தியோடு பேசினாள். அந்தக் கட்டடத்துக்கு லிப்ட் போடக் கீழ்மாடிக்காரர் கடைசியில் சம்மதித்துவிட்டார்களாம். "பெரியம்மாட்டைப் புத்தகம் இருக்கோ எண்டு நைநை திரும்பவும் கேட்டவ" என்றாள்.

"இருக்கெண்டு சொல்லு" என்றேன்.